கார்ட் மெசினும் செருப்புப் பலகையும்

எங்கள் மீனவர் சங்கத் தலைவருக்கு இரண்டு வேலை நன்றாக வரும். கதிரையைக் கண்டால் உட்காருவார். ஒலிவாங்கியைக் கண்டால் எழும்புவார். அவர் கடலில் இறங்கி இருபது வருடமாவது இருக்கும், ஆனால் கடலைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் இல்லை. போர் முடிந்து ஆறேழு வருடம் போயிருந்த ஒரு நாள் காலை அவர் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "ரீச்சர், நம்மட கரையும் இனி டிஜிட்டல்" என்றார். நான் அப்போதே வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

நுரைச்சோலைக்கும் தலவிலவுக்கும் நடுவில் கிடக்கிற சின்னக் கரை எங்களுடையது. அப்போது முப்பத்தொரு போட் இருந்தன. எல்லாம் இருட்டோடு போய்ப் பத்து மணிக்குள் திரும்புகிற சின்னப் படகுகள். முந்தின வருடம் எங்கேயோ ஒரு கரையில் ஒரு போட் காணாமல் போனதாம். அது கடலுக்குப் போனதா இல்லையா என்றே ஒரு நாள் முழுக்க யாருக்கும் தெரியவில்லையாம். அதைக் கேள்விப்பட்ட ஓர் உதவி அலுவலகம், எந்தப் போட் கடலில், எந்தப் போட் கரையில் என்று எந்த நேரமும் காட்டுகிற ஏற்பாடு ஒன்றுக்குக் காசு ஒதுக்கியிருந்தது. அந்த அலுவலகத்து ஐயா கொழும்பிலிருந்து நாடா கட்டிய சப்பாத்தோடு வந்து மணலில் நாலு அடி நடந்தார். சப்பாத்துக்குள் மணல் போய்விட்டதென்று திரும்பவும் வாகனத்தில் ஏறிக்கொண்டார். அவர் எங்கள் கரையை ஆராய்ந்தது அவ்வளவுதான்.

என்னைச் சொல்லவேண்டும் என்றால், நான் அவர்கள் இரண்டு பேரையும் விட மோசம். நான் அந்தக் கரையில் பிறந்தவள். அப்பா கடல், அண்ணன் கடல். நான் படித்து, தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ரீச்சராகி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சீமெந்து வீடு கட்டிக்கொண்டு, கடற்கரைக்குப் போவதென்றால் காலுறை போடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தேன். மண்டைக்கனத்துக்குக் குறைவில்லை. தலைவர் கேட்டதும் ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்காமல் ஓம் என்றேன்.

யோசனை நல்ல யோசனைதான், கடதாசியில். கைக்குள் அடங்குகிற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று. அதோடு கார்ட்டைக் கிட்டக் கொண்டுபோனால் கம்பி இல்லாமலே அதன் இலக்கத்தை வாசிக்கிற ஆர்.எஃப்.ஐ.டி. வாசிப்பான் ஒன்று. போட்டுக்கு ஒரு நீல வில்லை, சாவிக்கொத்தில் தொங்கவிடுகிற மாதிரி. கடலுக்கு இறங்கும்போது வில்லையை ஒருக்கால் வைத்தால் "கடலில்", திரும்பி வந்து வைத்தால் "கரையில்". ஒரே வாசிப்பான், ஒரே வில்லை. கரையில் என்று இருப்பதைக் கடலில் என்று மாற்றும், கடலில் என்று இருப்பதைக் கரையில் என்று மாற்றும். நாலு வரி நிரல். அதை எழுதிவிட்டு நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முதல் வாசிப்பானை நான்தான் எரித்தேன். மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்க வேண்டியதற்கு ஐந்து வோல்ட் கொடுத்தேன். ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான். எட்டு ஊசியில் எது எதற்கென்று பலகையிலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதை வாசிக்கவும் ஒரு கண் வேண்டும். இரண்டாவது வாசிப்பானுக்கு ஏழு கம்பியை ஒவ்வொன்றாக எண்ணிப் பொருத்தி, கணினியின் அமைப்பில் அந்த வழியைத் திறந்துவிட்டு, நீல வில்லையைக் கிட்டக் கொண்டுபோனேன். திரையில் ஓர் இலக்கம் வந்து விழுந்தது. சிரிக்க வேண்டாம், எனக்குக் கண் கலங்கியது. உப்புக் காற்றுக்கு ஈயம் வைத்த இடமெல்லாம் துருப்பிடிக்குமென்று என் நகப்பூச்சைப் பூசினேன். கணக்கைக் காட்ட ஒரு சின்னத் திரையையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். மூடிக்கு மேலே வில்லையை வைத்தாலும் வாசித்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வாசித்ததா இல்லையா என்று இந்த ஆட்களுக்கு எப்படி விளங்கும், திரையைப் பார்க்கவா போகிறார்கள் என்று இளக்காரமாக நினைத்து, ஒரு சின்ன ஒலிப்பானையும் பூட்டினேன். வில்லை பட்டதும் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி "பீப்" என்று கத்தும்.

கரையில் மின்சாரம் இருந்த ஒரே இடம் நானாவின் தேத்தண்ணிக் கடை. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்தவர். இப்போது எங்கள் கரையில் யாருக்கு எத்தனை சீனி என்பது அவருக்குத்தான் தெரியும். கடையின் முன் தூணில் பெட்டியைப் பூட்டினோம். பக்கத்தில் முப்பத்தொரு ஆணி அடித்து வில்லைகளைத் தொங்கவிட்டோம், கடலுக்குக் கொண்டுபோய்த் தொலைக்காமல் இருக்க. தூணுக்குக் கீழே ஒரு நீளப் பலகை கிடந்தது, இரண்டு கல்லுக்கு மேலே. அதில் வரிசையாகப் பழைய ரப்பர் செருப்புகள். ஊறி, தேய்ந்து, சிலதில் வாருக்குப் பதிலாக நைலோன் கயிறு. திறப்பு விழாவுக்குப் படம் எடுக்கப்போகிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நானா, இந்த நாறல் பலகையைக் கடைக்குப் பின்னால போடுங்க" என்றேன்.

"அது கடலுக்குப் போற ஆக்கள்ட செருப்பு, ரீச்சர் புள்ள" என்றார் அவர்.

"செருப்புத்தானே. தங்கமா?"

நானா பலகையை இழுத்துப் பின்னால் போட்டார். விழா முடிந்த அடுத்த நாள் விடியவே அது பழைய இடத்துக்கு வந்துவிட்டதாக நான் பிறகுதான் அறிந்தேன்.

விழாவைப் பற்றிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஏறும். மணலில் சிவப்புக் கம்பளம். தலைவருக்கு மாலை, ஐயாவுக்கு மாலை, ஐயாவின் சாரதிக்கும் மாலை. தேவாலயத்துச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். தண்ணீர் உள்ளே போகாமல் நான் பெட்டிக்கு மேலே குடை பிடித்தேன். மௌலவி துஆ ஓதினார். ரோல்ஸும் பட்டிஸும் பரிமாறினார்கள். மெசினைப் பாவிக்கப்போகிறவர்களில் நாலு பேர்தான் வந்திருந்தார்கள், அதுவும் ரோல்ஸுக்கு. நான் அவர்களுக்கு விளக்கினேன். போகும்போது ஒருக்கால், வரும்போது ஒருக்கால். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். ஒருவர் மட்டும், "திரும்பவும் பாஸ் காலமா, ரீச்சர்?" என்று கேட்டார். சண்டைக் காலத்தில் அடையாள அட்டையைக் கடற்படைக் காவலரணில் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கினவர் அவர். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன், விளங்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஒரு மாதம் நான் வீட்டிலிருந்தே பட்டியலைப் பார்த்தேன். பட்டியல் இணையம் வழியாக என் போனுக்கும் தலைவரின் போனுக்கும் வந்தது. காலை ஒன்பது, பத்து மணிக்கு போட்கள் கடலுக்குப் போவதாகவும் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அதே நேரத்துக்குத் திரும்புவதாகவும் அது காட்டியது. இதைப் பார்த்து எனக்கு என்ன விளங்கியிருக்க வேண்டும்? அப்பா எத்தனை மணிக்குப் போவார், எத்தனை மணிக்கு வருவார் என்று பிறந்த நாளிலிருந்து தெரிந்தவள் நான். எனக்கு விளங்கியதோ வேறு. பத்து மணிவரை படுத்துக் கிடந்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்களே, உருப்படுவார்களா என்று ஆசிரியர் அறையில் இருந்து ஏசினேன். சக ரீச்சர்மாரும் சேர்ந்து உச்சுக்கொட்டினார்கள்.

பிறகு அந்தக் காற்று நாள் வந்தது.

அண்ணனோடு கூடப் போனவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை கிடைத்திருந்ததால், அண்ணன் அந்த நாட்களில் தனியாகத்தான் நண்டு வலைக்குப் போய்வந்தார். அன்று ஒன்பது மணிக்கெல்லாம் மேற்கே வானம் கறுத்துவிட்டது. வகுப்பறைத் தகரம் படபடவென்று அடித்தது. பிள்ளைகளைக் கணினிகளை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் மனைவி போன் எடுத்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. சின்னதிலிருந்து ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சாள், இவர் இன்னும் வரல்ல. கடல் பொல்லாததா இருக்கு."

நான் பட்டியலைத் திறந்தேன். அண்ணனின் போட்டுக்கு நேரே பச்சை நிறத்தில் "கரையில்" என்று இருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதி!

"அவர் வந்திட்டார் மச்சாள். மெசின்ல கரையில எண்டுதான் இருக்கு."

"இல்ல மச்சாள். செருப்பு பலகையில கிடக்கு."

"செருப்ப விட்டிட்டு எங்கயாவது போயிருப்பார்."

"செருப்பு கிடக்கு மச்சாள்" என்றாள் திரும்பவும்.

"நான் மெசினப் பாத்துச் சொல்றன், நீங்க செருப்பப் பாத்துச் சொல்றீங்க. எந்தக் காலத்தில இருக்கிறீங்க மச்சாள்? சும்மா அழுது பிள்ளைகளப் பயப்படுத்தாம வீட்டுக்குப் போங்க."

"சரி, ரீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அதையும் கவனிக்கவில்லை. போய் அடுத்த பாடத்தை எடுத்தேன், விரிதாளில் கூட்டுத்தொகை காண்பது எப்படி என்று.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலைவர் போன் எடுத்தார். குரலில் ஒரே உற்சாகம். "ரீச்சர், கடல்ல பதினாலு போட். மெசின் பாத்து இலக்கமெல்லாம் நேவி முகாமுக்குக் குடுத்திட்டன். வழமையா அந்தப் பதினாலும் தெற்குப் பக்கம் போறதுதானே, தேடுற படகு தெற்குப் பக்கம் போயிட்டுது. உங்கட அண்ணன் சேஃப், அவர்ட பேர் லிஸ்ட்ல இல்ல." அவர் வைத்ததும் அடுத்த அழைப்பு நானாவிடமிருந்து.

"ரீச்சர் புள்ள, தலைவர் என்ன சொல்றாரு? கடல்ல பதினாலு போட்டாமே. அந்தப் பதினாலும் என்ட கடைக்கு முன்னால மணல்ல கெடக்குது. காத்தப் பாத்து ஒருத்தரும் எறங்கல்ல. சொந்தக்காரரெல்லாம் இங்க தேத்தண்ணி குடிக்கிறாங்க."

அப்படியென்றால் கடலில் இருப்பது யார்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

கடைக்கு முன்னால் அந்தப் பதினான்கு போட்டும் மற்றப் போட்களோடு கவிழ்த்து வைத்தபடி கிடந்தன. மச்சாள் வீட்டுக்குப் போகவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நனைந்தபடி நின்றாள். பலகையில் மூன்று சோடிச் செருப்பு இருந்தது; அன்று இறங்கிய மற்ற இருவரும் அண்ணனைப் போலவே தனியாகப் போகிறவர்கள். மூன்றாவது சோடி அண்ணனுடையது, இடது காலில் நீல நைலோன் வார்.

நான் கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். "போகும்போது வில்லைய வைக்கச் சொன்னனா இல்லையா? ஏன் ஒருத்தரும் வைக்கல்ல?"

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் பாஸ் காலத்தைப் பற்றிக் கேட்ட அதே மனிதர் பேசினார். "வரேக்க வைக்கிறம் ரீச்சர், ஒரு நாளும் விட்டதில்ல. போகேக்க எப்படி வைக்கிற? அது பின்னால கத்துதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலுக்கு இறங்குகிறவனை எங்கள் கரையில் பின்னாலிருந்து கூப்பிடமாட்டார்கள். எங்கே என்று கேட்கமாட்டார்கள். அவசரமாக எதையாவது மறந்து போனால்கூட முன்னால் ஓடிப்போய்த்தான் கொடுப்பார்கள். அப்பா போகும்போது அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், போகிறவன் ஒவ்வொருவனின் முதுகுக்குப் பின்னாலும் கத்துகிற ஒரு சாமானை நானே காசு கொடுத்து வாங்கிப் பூட்டியிருந்தேன். அவர்கள் போகும்போது அதைத் தொடவே இல்லை; வரும்போது மட்டும் ஆசையாக வைத்தார்கள். ஒரு நாள் வந்து வைத்தால் என் நாலு வரி நிரல் "கடலில்" என்று மாற்றியது, அடுத்த நாள் வந்து வைத்தால் "கரையில்" என்று மாற்றியது. ஒரு மாதமாக அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை.

"இதச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க படிச்ச ஆள் ரீச்சர். தெரிஞ்சுதான் செஞ்சிருப்பீங்க எண்டு நெனச்சம்" என்றார் அவர். நக்கல் ஒன்றும் இல்லை, உண்மையாகத்தான் சொன்னார். அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மச்சாள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானாவிடம் மட்டும் பேசினாள். மூன்று செருப்பையும் காட்டி மூன்று போட் இலக்கத்தையும் சொன்னாள். "இவர் வடக்க நானா. கரையப் பாத்தா மின்சார நிலையத்துச் சிமினி வலக்கைப் பக்கம் தெரியிற இடத்திலதான் வல." நானா சரளமான சிங்களத்தில் முகாமுக்குச் சொன்னார். தெற்கே பதினான்கு போட்டைத் தேடிப் போன படகு திரும்பி வடக்கே போனது. அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. மழைக்குள் அந்தச் சிமினி கரையிலிருந்தே தெரியவில்லை.

நான் அன்று செய்த ஒரே வேலை, காத்திருந்தது. மச்சாளுக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் துணிவில்லை, தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். தலைக்கு மேலே என் சாப்பாட்டுப் பெட்டி, "கடலில்: 14" என்று காட்டியபடி. அண்ணன் இல்லாமல் போனால் அந்தத் தொலைபேசிப் பேச்சை வைத்துக்கொண்டு நான் எப்படி உயிரோடு இருப்பது என்று யோசித்தேன். எனக்குப் பயத்தை விட வெட்கம்தான் அதிகமாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் மறைக்க முடியவில்லை.

மதியத்துக்குள் மற்ற இரண்டு போட்டும் தாமாகவே வந்து சேர்ந்தன. இரண்டு பேரும் வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆணியிலிருந்து வில்லையை எடுத்து வைத்தார்கள். பீப், பீப். பலகையில் ஒரு சோடி மிஞ்சியது. மச்சாள் அதைத் தொடவில்லை, நாய் கிட்ட வந்தபோது மட்டும் காலால் மணலை உதைத்து விரட்டினாள்.

நாலு மணிபோல் முகாம் படகு அண்ணனின் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இயந்திரம் நின்று, வலையையே நங்கூரமாக விட்டு, தண்ணீரை இறைத்து இறைத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உதடெல்லாம் உப்புப் பொரிந்து, உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கவிழ்ந்திருக்கும் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். அப்படிப் போயிருந்தால் அந்த அரை மணி நேரம் என் கணக்கில்தான் விழுந்திருக்கும்.

அண்ணன் தள்ளாடித் தள்ளாடிப் பலகைக்கு வந்தார். செருப்பைப் போட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஆணியில் தொங்கிய தன் வில்லையை எடுத்து மூடியில் வைத்தார். பீப் என்றது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்; சிலுவை போட்டவர்கள் போட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ் சொன்னவர்கள் சொன்னார்கள். திரையை இரண்டு பேர்தான் பார்த்தோம், நானும் மச்சாளும். அண்ணனின் இலக்கத்துக்கு நேரே "கடலில்" என்று வந்தது.

மச்சாள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் தலைவர் எழும்பி, மெசின் ஓர் உயிரைக் காப்பாற்றியதாக முக்கால் மணி நேரம் பேசினார். கொழும்பு ஐயா அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். நான் எழும்பி, "மெசின் காப்பாற்றவில்லை, கொல்லப் பார்த்தது" என்றேன். "ரீச்சருக்குத் தன்னடக்கம்" என்று தலைவர் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். இப்படியும் ஒரு மடக்கூட்டம் உண்டா? பெட்டியைக் கழற்றப் போனேன். கடலுக்குப் போகிறவர்களே விடவில்லை. வந்து இறங்கியதும் அதை ஒருக்கால் தொடாவிட்டால் இப்போது அவர்களுக்கு மனம் ஆறாதாம். வில்லையை வைத்துவிட்டு விரலை முத்தமிட்டுக்கொள்கிறவர்களையும் பார்த்தேன். நல்லது, வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். திரையைக் கழற்றினேன். தலைவரின் போனுக்குப் பட்டியல் போவதை வெட்டினேன். பட்டியல் வரவில்லை என்று அவர் இன்றுவரை கவனிக்கவில்லை.

அண்ணன் இன்னமும் கடலுக்குப் போகிறார். அன்று நான் போனில் என்ன சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாது. மச்சாள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்து அனுப்பிவிட்டாள். மச்சாள் என்றுதான் திரும்பவும் கூப்பிடுகிறாள். ஆனால் அண்ணன் கடலுக்குப் போகிற நாளெல்லாம், அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு, என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு படம் வரும். பலகையில் ஒரு சோடிச் செருப்பு, இடது காலில் நீல வார். கீழே ஒரு சொல்லும் இருக்காது. பத்து மணிபோல் இன்னொரு படம் வரும், அதே இடம், செருப்பு இல்லாமல். அந்த இரண்டாவது படம் வரும்வரை நான் வகுப்பில் என்ன படிப்பிக்கிறேன் என்று எனக்கே தெரியாது.